ஆறு வயதில் நின்ற மொழி

செர்வொலா போகும் பேருந்தில் லிவியோ ஃபாப்ரிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் தூல்யோ உட்கார்ந்தார், உட்கார்ந்ததுமே பேச்சைத் தொடங்கிவிட்டார். செர்வொலாவில் கூட்டம் ஆறு மணிக்கு, முன்வரிசையில் நடு நாற்காலி லிவியோவுக்கு, பேச்சின் கடைசியில் மவுரோ தன் அப்பாவைக் கைகாட்டுவான், அப்போது எழுந்து நின்று தலையை லேசாக ஆட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். மவுரோ லிவியோவின் ஒரே மகன். வருகிற ஞாயிறு நடக்கும் திரியெஸ்தே நகரசபைத் தேர்தலில் தாயகக் கட்சியின் வேட்பாளன். தூல்யோ பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்சி வேலை என்றால் மழை வெயில் பார்க்கமாட்டார். நல்ல மனிதர்தான். லிவியோவின் மனைவி நீவெஸ் போய்ச் சேர்ந்த பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கதவைத் தட்டுகிறவர் அவர் ஒருவர்தான். மவுரோ தட்டுவதில்லை. அவனுக்கு நேரமில்லை. போன் செய்வான், போனில் எப்போதும் அவனுக்குப் பின்னால் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா என்று ஆரம்பித்து இன்னொருவரிடம் பதில் சொல்லிவிட்டு மறுபடி அப்பா என்பான். பேருந்து ரயில் நிலையத்தைச் சுற்றித் திரும்பியது. நிறுத்தத்தின் கண்ணாடியில் மவுரோவின் முகம் ஆளுயரத்தில் ஒட்டியிருந்தது. கீழே பெரிய எழுத்தில், ஒரு நகரம், ஒரு மொழி என்று இருந்தது. கடலிலிருந்து காற்று வந்து சுவரொட்டியின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டிருந்தது, அந்த மூலை மவுரோவின் கன்னத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாராவது ஒட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று லிவியோ நினைத்தார். தானே இறங்கி ஒட்டிவிடலாம் போலிருந்தது. மகனுடைய முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது.

நேற்று போனில் மவுரோ ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டியிருந்தான். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இத்தாலிய மொழியைத் தவிர வேறெதுவும் ஒலித்ததில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களைக் கைகாட்டுவேன் அப்பா, சரியா இருக்கா என்று கேட்டான். சரியாகத்தான் இருக்கு என்றார் லிவியோ. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், எதைக் காட்டினாலும் முதலில் சரியாகத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பது அவருடைய பழக்கம். யோசித்தார். ராத்திரி யோசித்தார், காலையில் சவரம் செய்யும்போது யோசித்தார், இப்போதும் அந்த வாக்கியம் பற்களுக்கிடையில் சிக்கிய நார் போல நாக்கை இழுத்துக்கொண்டிருந்தது. வேறெதுவும் ஒலித்ததில்லை. எழுந்து நிற்க வேண்டும். தலையை ஆட்ட வேண்டும். பிறந்த வீட்டின் சமையலறை தெரிந்தது, இந்தப் பேருந்துக் கண்ணாடியைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள். பிறகு குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்த பிறகுதான் பேசுவாள். அந்த மொழியும் குழாய்த் தண்ணீரின் சத்தமும் சேர்ந்தேதான் வரும் என்று சிறு வயதில் அவர் நம்பியிருந்தார், தண்ணீரில்லாமல் அந்த மொழியைப் பேச முடியாது என்று. அது ஸ்லொவேனிய மொழி. அம்மாவின் ஊர் மலைமேட்டில், அங்கே எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அப்பாவின் வீட்டிலும் அதுதான். கொவாச் என்றுதான் குடும்பப் பெயர் இருந்தது, கொல்லன் என்று அர்த்தம். பாசிசக் கருஞ்சட்டைக்காரர்கள் நாட்டை ஆண்ட காலத்தில் தாத்தாவைக் கூப்பிட்டு இனி உன் பெயர் ஃபாப்ரி என்றார்கள். அதுவும் கொல்லன்தான், இத்தாலியக் கொல்லன். தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த மொழியில் நடந்த பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது ரொட்டிக் கடையில் வாய் தவறித் தன் மொழியில் ரொட்டி கேட்டாள், பின்னால் நின்ற சீருடைக்காரன் அவளைத் தன் பக்கம் திருப்பி அறைந்தான். அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். போர் முடிந்தது, ஆட்சி போனது, அந்நியப் படைகள் வந்து போயின, பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்தன, ஊரில் சிலர் அந்த மொழியை உரக்கவே பேச ஆரம்பித்தார்கள். ஆட்சி மாறிய செய்தி அம்மாவின் உடம்புக்குள் போய்ச் சேரவேயில்லை. அவள் குழாயைத் திறந்துகொண்டேதான் இருந்தாள். லிவியோவைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முந்தின நாள், அவர் முகத்தைத் துடைத்துவிட்டபடி, நாளையிலிருந்து இது வேண்டாம் என்றாள். அதையும் அந்த மொழியில்தான் சொன்னாள். அப்போது அவருக்கு ஆறு வயது. மறுநாள் காலையில் ஜன்னல் திறந்திருந்தது, குழாய் மூடியிருந்தது, அம்மா இத்தாலியனில் எழுந்திரு என்றாள். வேறு யாரோ வந்து அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

தூல்யோ ஏதோ கேட்டிருக்க வேண்டும், அவர் முகம் பதிலுக்குக் காத்திருந்தது. ஆமாம் என்றார் லிவியோ. தூல்யோ திருப்தியாகத் தொடர்ந்தார், தெருக்களுக்கு இரண்டு மொழியிலும் பெயர்ப்பலகை வைக்கிற பேச்சை இந்தத் தேர்தலோடு ஒழித்துவிட வேண்டும், இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள், நாளைக்கு நம்முடைய பிணத்துக்கும் அவர்கள் மொழியில் பூசை வைப்பார்கள். அதைச் சொல்லும்போது தூல்யோவுக்குக் கோபம்கூட வரவில்லை, வெயிலைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். லிவியோ அம்மாவின் கட்டிலை நினைத்தார். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாகப்போகிறவர்களுக்கு முதலில் கற்றது திரும்பி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு வார்த்தை வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நாக்கை ஈரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா தண்ணீர் கேட்டாள், இத்தாலியனில். நர்சுக்கு நன்றி சொன்னாள், இத்தாலியனில். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். கடைசிவரை வாயைக் காவல் காத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்தப் பூமியில் அவரிடம் அந்த மொழியில் பேச ஒருவரும் இல்லை, அவருக்கு அது தெரியும் என்று தெரிந்தவரும் ஒருவரும் இல்லை. நீவெஸிடம் சொல்லியிருக்கலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். ஆனால் நீவெஸ் கடலுக்கு அந்தப் பக்கம், இஸ்திரியாவில் பிறந்தவள். போருக்குப் பின் அந்த மண் யூகோஸ்லாவியாவுக்குப் போனபோது ஆயுதத்தோடு ஆட்கள் அவள் வீட்டுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் பேசியது அந்த மொழியோ அதன் பக்கத்து மொழியோ, அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுடைய சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. குடும்பம் தையல் மெஷினோடும் படுக்கைகளோடும் கப்பலேறி வந்தது. மவுரோ நீவெஸின் அப்பாவுடைய மடியில் வளர்ந்தவன். அப்படி வந்தவர்களைப் பற்றி அவன் மேடையில் சொல்வதெல்லாம் பொய்யில்லை, அந்தத் தாத்தா மதியச் சாப்பாட்டின் நடுவில் கரண்டியை வைத்துவிட்டு அழுவதை லிவியோவும் பார்த்திருக்கிறார். வானொலியில் அந்த மொழி வந்தால் நீவெஸ் எழுந்துபோய் நிறுத்துவாள். ஒரு தடவை சந்தையில் இரண்டு பெண்கள் அதில் பேசிக்கொண்டு போனார்கள், நீவெஸின் விரல்கள் அவர் கையை இறுக்கின. அந்தப் பெண்களில் ஒருத்தி, மாப்பிள்ளைக்குச் செருப்பு ஒன்று சிறிதாகவும் ஒன்று பெரிதாகவும் வாங்கிவிட்டதைச் சொல்லிக்கொண்டு போனாள். லிவியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினார். நீவெஸ் முதுகைத் தடவிக் கொடுத்தாள். குளிர்காற்று உங்களுக்கு ஆகாது என்றாள்.

பழைய கப்பல்பட்டறையைத் தாண்டிய நிறுத்தத்தில் அந்தக் கிழவி ஏறினாள். ஏறுவதற்கு ஓட்டுநர் காத்திருக்க வேண்டியிருந்தது. எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டைகள், மேல் சட்டையின் பொத்தான்களைக் கீழ்ச் சட்டையின் துளைகளில் மாட்டியிருந்தாள். கையில் பையும் இல்லை, பணப்பையும் இல்லை. லிவியோவுக்கு எதிரே இருந்த இருக்கையில் உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்ட வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகப் போகிற பிள்ளை மாதிரி வெளியே பார்த்தாள். பேருந்து கிளம்பியது. கிழவி பேசினாள். யாரிடம் என்றில்லை, எல்லோரிடமும். இது வீட்டுக்குப் போகிற வழிதானா என்று கேட்டாள். கோயில் தாண்டிவிட்டதா என்று கேட்டாள். பதில் வராததால் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். அம்மா தேடுவாள் என்றாள். லிவியோவின் சட்டைக்குள் யாரோ ஈரக் கையை விட்டது போலிருந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிவதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை, சொற்கள் தாமாக உள்ளே வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மலைமேட்டு ஊரின் இழுப்பு, வார்த்தையின் கடைசியை விழுங்கிவிடுகிற அதே பழக்கம். காதுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பேருந்தில் ஏது தண்ணீர், எஞ்சின்தான். தூல்யோ அவர் காதருகே குனிந்து, பார்த்தீங்களா, நம்ம ஊர்ல நம்ம பஸ்ல ஏறிக்கிட்டு என்றார். பிறகு கிழவியிடம் மரியாதையாகவே, அம்மா, இத்தாலியன்ல பேசுங்க, இங்கே யாருக்கும் புரியாது என்று சொன்னார். கிழவி அவருடைய வாயைப் பார்த்தாள். பயந்துவிட்டாள். லிவியோ பேருந்துக்குள் மற்றவர்களைப் பார்த்தார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒரு பெண். பையிலிருந்து கீரைத்தண்டு நீட்டிக்கொண்டிருக்க ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த நடுவயதுக்காரி ஒருத்தி. அந்த நடுவயதுக்காரியின் காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கும் புரிகிறது என்று லிவியோவுக்குத் தோன்றியது. அவளும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வாள், இப்போது திரும்புவாள், நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் திரும்பவில்லை. அவளும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. கிழவிக்குப் பதில் சொல்லி, அவளோடு இறங்கினால் என்ன ஆகும். தூல்யோ மவுரோவிடம் சொல்வார். சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. எதிர்க்கட்சிக்காரர்களுக்கு இது போதும், மகன் மேடையில் ஒன்று சொல்கிறான், அப்பன் பேருந்தில் இன்னொன்று பேசுகிறான். எழுந்து நிற்க வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதானே கேட்டான், ஒரே மகன், இதுவரை வேறெதுவும் கேட்டதில்லை. ஓட்டுநர் கவனிப்பார். போலீஸ் கவனிக்கும். யாராவது தேடி வருவார்கள். பேருந்து மேட்டில் ஏறியது. கதவிடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்தது. கிழவி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

“ஸெபே மே,” என்றாள் கிழவி.

குளிருது எனக்கு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வேறெதையாவது சொல்லியிருந்தால் லிவியோ உட்கார்ந்தே இருந்திருப்பார். வீடு, கோயில், அம்மா, இவையெல்லாம் யாருடைய வீடோ யாருடைய அம்மாவோ. குளிருக்கு ஆள் கிடையாது. பள்ளிக்குப் போகாத வயதில் தொட்டியில் குளித்துவிட்டு எழுந்து நின்று அவர் கத்தியதும் இதே இரண்டு சொற்கள்தான், அம்மா சிரித்துக்கொண்டே துண்டை விரிப்பாள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவருடைய கோட்டின் பொத்தான்கள் கழன்றிருந்தன. எழுந்து, தூல்யோவின் முழங்காலைத் தாண்டி, கோட்டைக் கிழவியின் தோளில் போட்டார். வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சொன்னார். சூடா இருக்கும், போட்டுக்கோ, நான் கூட இருக்கேன், பயப்படாதே. அவருடைய குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது, மெலிந்து, உயர்ந்து. பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதை வடிவம் அந்த மொழியில் உண்டு என்று தெரியும், ஆனால் அது அவருக்கு வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் வயதுக்கு முன்னாலேயே மொழி நின்றுவிட்டிருந்தது. ஆறு வயதுப் பையன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் எழுபத்தொன்பது வயதில் அவர் பேசினார். கிழவி அண்ணாந்து பார்த்தாள். பயம் போய்விட்டது. ஒரு பெரிய மனுஷியின் தோரணை அவள் முகத்தில் வந்தது, தெருவில் அகப்பட்ட பக்கத்து வீட்டுச் சிறுவனை விசாரிப்பது போல.

“சீகவ் சி?” என்று கேட்டாள். நீ யார் வீட்டுப் பிள்ளை.

“ஸோராவோட பிள்ளை,” என்றார் லிவியோ.

ஸோரா அவருடைய அம்மாவின் பெயர். பதிவேட்டிலும் கல்லறையிலும் அவுரோரா என்று இத்தாலியனில் இருக்கும். ஸோரா என்று யார் வாயும் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டிருந்தது. கிழவிக்கு எந்த ஸோரா நினைவில் வந்தாளோ, திருப்தியாகத் தலையை ஆட்டினாள். தூல்யோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் லிவியோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் கோபமில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு உட்கார்ந்து மது குடித்தவர் யார் என்று யோசிக்கிறவரின் முகமாக இருந்தது அது. நீங்க எப்படி, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். லிவியோ மணியை அழுத்தினார். கிழவியின் கையைப் பிடித்து இறக்கினார். கீரைத்தண்டுக்காரி கடைசி நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், கதவு மூடிக்கொண்டது. பேருந்து அவளையும் தூல்யோவையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், கிழவியின் கீழ்ச் சட்டையின் உட்புறம் தைத்திருந்த துணித்துண்டில் ஒரு போன் எண் இருப்பதைப் பார்த்தார். கூப்பிட்டார், இத்தாலியனில் இடத்தைச் சொன்னார். காத்திருந்த நேரம் முழுவதும் கிழவி பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்டுக்குட்டி ஒன்று கிணற்றுப் பக்கம் போய்விட்டதைப் பற்றி, மூத்த அக்காவுக்கு வந்த காய்ச்சலைப் பற்றி. அவர் ஆமாம் என்றார், அப்புறம் என்றார், குட்டி கிடைச்சுதா என்றார். கோட்டு இல்லாமல் உடம்பு நடுங்கியது, வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் தொண்டைவரை நிறைந்திருந்தது, இத்தனை பெரிய ஊரில் தனக்கென்று ஓர் ஆள் கிடைத்துவிட்டது போல. இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் நீண்டால் போதும். வருகிறவர்கள் வழியில் எங்காவது சிக்னலில் நிற்கட்டும். நிற்கவில்லை. கார் வந்து நடைபாதையில் பாதி ஏறி நின்றது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள். கிழவியைக் கட்டிக்கொண்டாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள். பிறகு லிவியோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினாள். அவர் தங்கள் மொழியில் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள். அவளும் அதே மொழியில்தான் பேசினாள், வேகமாக, படித்த பெரியவர்களின் மொழியில், நீளமான வாக்கியங்களில். லிவியோ காத்திருந்தார். அம்மா என்ற சொல் பிடிபட்டது. நன்றி பிடிபட்டது. மருத்துவர் என்பது போல ஏதோ ஒன்று. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டே போயிற்று, அவர் ஓரத்தில் நின்று கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். கையிலிருந்த சொற்களைத் துழாவினார். துண்டு, தொட்டி, ரொட்டி, பால், பூனை, வா, போகாதே. அந்தப் பெண் பேச்சை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இத்தாலியனுக்கு மாறினாள், அன்போடுதான்.

“மன்னிச்சுக்கங்க. நீங்க எங்க ஆளுன்னு நினைச்சிட்டேன்.”

“பரவாயில்லை,” என்றார் லிவியோ.

கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள், வீட்டில் கொண்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பேருந்து வரும் என்றார். கிழவி பின்சீட்டிலிருந்து அவரைப் பார்க்கவில்லை, வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போன பிறகு தெரு காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் சலவைக்கடையில் விளக்கு எரிந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டார், அதில் யாருடைய சூடோ கொஞ்சம் மிச்சமிருந்தது. தன் சூடா, அவள் சூடா. மணி ஆறைத் தாண்டியிருக்கும். நடு நாற்காலி காலியாக இருக்கும், அதில் யாரையாவது உட்காரச் சொல்லியிருப்பார்கள். தூல்யோ கூட்டத்துக்குப் போனதும் சொல்லியிருப்பார். ஒருவேளை சொல்லாமலும் இருக்கலாம், அவரை அவ்வளவு குறைத்து மதிப்பிடக் கூடாது. எந்தப் பக்கம் போகிற பேருந்தில் ஏறுவது என்று யோசித்தார். இந்தப் பக்கம் போனால் கூட்டம். அந்தப் பக்கம் போனால் வீடு, அடுப்பில் நேற்றைய சூப்பு, நீவெஸின் நாற்காலி. அவளிடம் இன்றைக்காவது சொல்லலாம் என்று தோன்றியது, நாற்காலியிடம் சொல்வதற்கு என்ன பயம். ஆனால் பயமாகத்தான் இருந்தது. பையில் போன் அதிர்ந்தது. மவுரோ. எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

அப்பா என்றான் மவுரோ. எப்போதும் அவனுக்குப் பின்னால் கேட்கிற பேச்சுக்குரல்கள் இந்தத் தடவை தூரத்தில் கேட்டன, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எங்கோ வந்து நிற்கிறான் போலிருந்தது. லிவியோ தயாரானார். தேர்தலைப் பற்றிக் கேட்பான். ஏன் நேற்றே சொல்லவில்லை, சரியாக இருக்கு என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்பான். அதற்கெல்லாம் பதில் இருந்தது, பாதிப் பதில்கள். நீ கேட்டபோது எனக்கே அது சரியாகத்தான் பட்டது என்று சொல்லலாம்.

“தூல்யோ சொன்னது உண்மையா?” என்றான் மவுரோ.

“உண்மைதான்.”

“எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“பொறந்ததிலேருந்து.”

மவுரோ மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பள்ளியில் அடி வாங்கி வந்து கதவுக்கு வெளியே நின்று கொண்டு, உள்ளே வந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறபோது அவன் இப்படித்தான் மூச்சு விடுவான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

லிவியோ எதிர்பார்க்காத கேள்வி அது. கடல் பக்கம் பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது, துறைமுகத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்துகொண்டு வந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டால் பையனுக்கு ஆறுதலாக இருக்கும். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

“தெரியாது,” என்றார். “ஒருநாளும் சொல்லலே.”

அந்தப் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டி, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று சொல்வது கேட்டது. மறுபடி தட்டினார்கள். செர்வொலா போகும் அடுத்த பேருந்து வந்து நின்றது, கதவைத் திறந்து, அவரைப் பார்த்து, கொஞ்சம் காத்திருந்துவிட்டு மூடிக்கொண்டு போயிற்று. மவுரோ போனை வைக்கவில்லை. லிவியோவும் வைக்கவில்லை.